அக்கா வீட்டுத் தண்ணீர்

தேரிக்காட்டை என் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு வயதில், பள்ளிக்கூடம் அடைத்திருந்த ஒரு கோடையில், அப்பா அம்மாவோடு கூண்டு வண்டியில் போனேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போக எத்தனையோ சந்தர்ப்பங்கள் வந்தன. கல்யாணம், ஞானஸ்நானம், சபையில் அசன விருந்து என்று கடிதம் வரும். தலைவலி, காய்ச்சல், பசு கன்று போட்டிருக்கிறது என்று ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்துவிடுவேன். எனக்கு வெயில் ஆகாது என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். நினைத்துக்கொள்ளட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

எங்கள் ஊர் பூதப்பாண்டிக்குப் பக்கம். ஆறு ஒருபுறம், குளம் ஒருபுறம். கோடையில் கால்வாயை அடைத்துவிட்டால்கூட எங்கள் கிணற்றில் எட்டுமுழக் கயிறு போதும். நாஞ்சில் நாட்டுக்காரர்களாகிய நாங்கள் அழுக்குப் போவதற்காகக் குளிக்கிறவர்கள் இல்லை. காலையில் ஒரு குளி, பொழுதடையும்போது ஒரு குளி, சந்தைக்கோ சாவுக்கோ போய் வந்தால் இன்னொன்று. வீட்டுக்கு வந்தவரிடம் முதலில் கேட்பது குளித்தாயிற்றா என்பதுதான். சாப்பாட்டு விசாரணை அதற்குப் பிறகு. அம்மா இதில் எல்லாரையும் மிஞ்சியவள். தலையில் தண்ணீர் விழாமல் அவளுக்கு ஒரு வாய்க் கஞ்சி இறங்காது. குளிக்காத ஊர்க்காரர்களைப் பற்றி எங்களுக்குள் ஒரு இளக்காரமும் உண்டு. அந்த இளக்காரத்தில் எனக்கும் பங்கு உண்டு என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். திசையன்விளைக்கு அப்பால், தேரி ஓரத்து ஊர் ஒன்றில் வாத்தியாராக இருந்தவருக்கு அவளைக் கொடுத்திருந்தது. என் அப்பாவும் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார்தான். படித்த பையன், தங்கமான குணம், ஜெபிக்கத் தெரிந்தவன் என்று அப்பா ஒருவராகவே பார்த்து முடித்த சம்பந்தம் அது. வயலும் தோப்பும் உள்ள வீடுகளிலிருந்து கேட்டு வந்தபோது பிடிகொடுக்காதவர், இதற்கு உடனே தலையாட்டினார். "பனங்காட்டுக்கா புள்ளயக் குடுக்கப் போறிய?" என்று அத்தைமார் முகத்தைத் திருப்பினார்கள். அம்மாவுக்கும் மனதில்லை. கல்யாணம் எங்கள் சபையில் நடந்தது. மறுவீட்டுக்குப் போன சித்தப்பா நல்ல மழையில் போய், மழையிலேயே திரும்பி வந்து, ஊர் குளிர்ச்சியாக இருக்கிறது என்றார். அப்பாவோ அம்மாவோ அந்த வீட்டை அதுவரை பார்த்ததில்லை.

அக்கா உண்டாகியிருந்தாள். அவளுக்கு அது தலைப்பிள்ளை. ஏழாம் மாதத்தில் போயிருக்க வேண்டியது. பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் அடைக்க வேண்டியிருந்ததால் எட்டாம் மாதம் பிறந்துவிட்டது. ஒன்பதில் பிரசவத்துக்கு அழைத்து வருவதென்று ஏற்பாடு. இப்போது பலகாரம் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு மட்டும் வரலாம் என்று கிளம்பினோம். ஆனால் வண்டியில் அக்கா படுத்து வருவதற்கென்று ஒரு மெத்தையைச் சுருட்டி அம்மா ஏற்றினாள். அப்பாவும் அதற்கு ஒரு கை கொடுத்தார். பிள்ளை அங்கே கஷ்டப்படுகிறாள் என்று தெரிந்தால் மாதக் கணக்கெல்லாம் பார்க்காமல் கையோடு கூட்டி வந்துவிட வேண்டும் என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலம் வண்டி பூட்டினோம். ஏத்தன் வாழைக்குலை இரண்டு, பலாச்சக்கை ஒன்று, ஒரு சாக்குப் பச்சரிசி, பனையோலைப் பெட்டி நிறைய முந்திரிக்கொத்தும் அதிரசமும். எனக்கு உட்கார இடமில்லாமல் சக்கைமேல் சாய்ந்து இருந்தேன். வண்டிக்காரர் எங்கள் தெருக்காரர், ஊர் ஊராகக் கருப்பட்டி ஏற்றிப் பழகினவர். "சார், குடிக்கதுக்கு ஒரு பானை வெள்ளம் கெட்டிப் போட்டுருவமா?" என்று கேட்டார்.

"போற வழியெல்லாம் மனுசன் குடியிருக்கிற ஊருதானே" என்றார் அப்பா. சாமான் ஏற்கெனவே அதிகம் என்று அம்மாவும் சொன்னாள்.

ஆரல்வாய்மொழி சவுக்கையில் எல்லைக் காவலர்கள் புகையிலை இருக்கிறதா என்று அரிசிச் சாக்கைக் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். அதில் அம்மாவுக்குக் கோபம். கோபம் தணிய, பக்கத்துக் குளத்தில் மூன்று பேரும் முங்கிக் குளித்தோம். காவல்கிணற்றில் மதியம் அவிழ்த்துப் போட்டபோது குளம் இல்லை. கிணறு இருந்தது. இறைத்து இறைத்து வண்டிக்காரருக்குக் கை ஓய்ந்தது. மறுநாள் ராதாபுரத்தில் அப்பாவோடு படித்த ஒருவர் வீட்டில் தங்கினோம். ஞாயிற்றுக்கிழமை வண்டி பூட்ட அப்பா சம்மதிக்க மாட்டார் என்பதால் அங்கே இரண்டு நாள். அந்த வீட்டுக்கார அம்மாள் குளிக்க ஆளுக்கு ஒரு வாளி தண்ணீர் வைத்தார்கள். அதற்குமேல் கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை வண்டி ஏறியதும் அம்மா ஆரம்பித்தாள். "என்ன மனசு இது. வெள்ளத்துக்கா ஒருத்தி கணக்குப் பாப்பா?"

எனக்கும் அது பெரிய கஞ்சத்தனமாகத்தான் பட்டது. நாங்கள் ஒவ்வொரு ஊராகத் தாண்டத் தாண்டத் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. அதைப் பார்க்கத் தெரியாமல் மனிதர்களின் குணம் குறைந்துகொண்டு வருவதாக நினைத்தோம்.

திசையன்விளையில் வாடகைக்கு இன்னொரு ஜோடி மாடு பிடித்துக்கொண்டு தேரிக்குள் இறங்கினோம். சிவப்பு மணல். மிளகாய்ப்பொடியைக் கொட்டிப் பரப்பின மாதிரி கண்ணுக்கெட்டிய தூரம் மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. பாதிவரை மணலில் புதைந்த பனைகள், அங்கங்கே உடைமரம். சக்கரம் அச்சுவரை புதைந்தது. உள்ளூர் ஆட்கள் இரண்டு பேர் காய்ந்த பனையோலைகளைச் சக்கரத்துக்கு முன்னால் வரிசையாகப் போடுவார்கள். வண்டி அவற்றின்மேல் ஏறிப் போனதும் பின்னாலிருந்து எடுத்து மறுபடி முன்னால் போடுவார்கள். அம்மாவைத் தவிர எல்லாரும் இறங்கி நடந்தோம். ஒரு மேட்டில் நின்று பனையேறி ஒருவர் கொடுத்த பதநீரை ஓலைப் பட்டையில் வாங்கிக் குடித்தேன். அந்த ருசியை மட்டும் நான் எந்த உறுத்தலும் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடிகிறது.

அக்கா முற்றத்தில் நின்றாள். வயிறு மட்டும் தெரிந்தது. கையும் கழுத்தும் மெலிந்திருந்தன. அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்த கையோடு குளிக்க எங்கே என்று கேட்டாள். வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு இருந்தது. அதில் இறைத்து ஊற்றிக்கொண்டு வந்தவள் முகம் சரியில்லை. "என்னட்டி இது, ஒரே உப்பு. உடம்பெல்லாம் பிசுபிசுங்கு. இதுலயா நீ குளிக்கே?"

அக்கா ஒரு கணம் யோசித்ததைப் பார்த்தேன். பிறகு சிரித்தாள். "இது பாத்திரம் கழுவதுக்கும்மா. நல்ல தண்ணி உண்டு. நாளைக்கு வச்சுத் தாறேன்."

மறுநாள் காலையில் ஓலை மறைப்புக்குள் இரண்டு பெரிய மண்பானைகளில் தண்ணீர் நிறைந்திருந்தது. இளநீர் மாதிரித் தண்ணீர். முதலில் அப்பா, பிறகு அம்மா, பிறகு நான். சாயங்காலம் பார்த்தால் பானைகள் மறுபடி நிறைந்திருந்தன. மறுபடி குளித்தோம். ஈரத்தலையோடு கட்டிலில் உட்கார்ந்து அப்பா சந்தோஷமாகப் பேசினார். "ஊருல என்னெல்லாம் சொன்னா. தண்ணி தங்கமாட்டுல்லா இருக்கு" என்று அம்மாவைக் குத்திக் காட்டினார். அம்மா ஈரத்தலையை முடிந்துகொண்டு வேறு பக்கம் பார்த்தாள். அவள் தோற்றுப்போனால் அப்படித்தான் இருப்பாள். அத்தான் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு விரலால் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை காலையில் விழித்தபோது பக்கத்தில் அக்காவின் பாய் சுருட்டியிருந்தது. வெளியே வந்தேன். மணலில் அவள் காலடி தெளிவாகத் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனேன். ஒரு மேடு ஏறி இறங்கி, இன்னொரு மேடு ஏறி இறங்கி, கால் சலித்துப்போனது. வீடு மறைந்து வெகுநேரம் கழித்து ஒரு பள்ளம் வந்தது. பள்ளத்துக்குள் ஆள் இறங்கும் அளவுக்கு ஒரு குழி. குழிக்குள் அக்கா ஒரு கையை முட்டில் ஊன்றிக் குத்துக்காலிட முடியாமல் பாதி குனிந்து நின்று, தேங்காய்ச் சிரட்டையால் தண்ணீரைக் கோதிக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். நாலு சிரட்டை கோதினால் மணல் தெரிந்துவிடும். பிறகு தண்ணீர் ஊறுவதற்குக் காத்துக்கொண்டு நிற்க வேண்டும். அதுதான் ஊற்று.

என்னைப் பார்த்ததும் அவளுக்கு முகம் மாறிவிட்டது. "நீ எதுக்குட்டி இங்க வந்தே?"

"நாங்க குளிக்க வெள்ளமா இது?"

அவள் மறுபடி சிரட்டையால் கோதினாள்.

"எத்தனை நடை வருவே?"

"வந்துட்டுப் போறேன். நாலு நாளுதானே."

"அத்தான் எடுத்துத் தரமாட்டாவளா?"

"தினமும் அவியதான் கொண்டு வருவாவ. என்னைய ஒரு செம்பு தூக்க விடமாட்டாவ. இப்பம் மாமனார் வந்து இருக்கும்போ மருமகன் குடத்தைத் தூக்கிட்டு முன்னால போனா அப்பாவுக்கு எப்படி இருக்கும்? நாந்தான் சண்டை போட்டு வேண்டாம்ணு நிப்பாட்டினேன். அத்தைக்குக் கால் முடியாது." அத்தை என்றது அவள் மாமியாரை. அவர்கள் கம்பூன்றித்தான் நடப்பார்கள்.

பிறகு அவள் நிமிர்ந்து என் இரண்டு கையையும் பிடித்தாள். அவள் கை குளிர்ந்திருந்தது. "அப்பாட்ட சொல்லாதட்டி. அம்மாட்டயும் சொல்லாத. அப்பா தனியா நின்னு பாத்த சம்பந்தம் இது. வெள்ளமில்லாத ஊருல தள்ளிட்டிய தள்ளிட்டியண்ணு அம்மா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா. அப்பா தாங்கமாட்டாவ. சத்தியமா சொல்லமாட்டேண்ணு சொல்லு."

எங்கள் வீட்டில் சத்தியம் செய்யக்கூடாது. உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லவேண்டும் என்பது அப்பாவின் கண்டிப்பு. அதனால் தலையை மட்டும் ஆட்டினேன். சின்னக் குடம் ஒன்றை நான் இடுப்பில் எடுத்துக்கொண்டேன். பாதித் தண்ணீர் வழியிலேயே தளும்பிப் போயிற்று. அவள் தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக முன்னால் போனாள். மேடு ஏறும்போது இரண்டு தடவை நின்றாள். வீடு நெருங்கியதும் என் குடத்தை வாங்கிக்கொண்டு, நான் உலாத்தப் போய் வந்ததுபோல் முன்வழியாகப் போகச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் நடந்ததைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை.

என் தலையெல்லாம் செம்மணல். மயிர்க்கால் ஒவ்வொன்றிலும் நறநறத்தது. அம்மா தாளி இலையை அரைத்துத் தலையில் தேய்த்துவிட்டு, "நல்லா அலசிக் குளி" என்று மறைப்புக்குள் அனுப்பினாள். பானை இரண்டும் நிறைந்திருந்தன. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு செம்புத் தண்ணீரில் துடைத்துக்கொண்டு வந்திருக்கலாம், அம்மா உள்ளே வந்தா பார்க்கப்போகிறாள். முதல் செம்பை ஊற்றும்போது அக்காவை நினைத்தேன். நிச்சயமாக நினைத்தேன். ஆனால் குளிர்ச்சி மண்டையில் இறங்கியது. இரண்டாவது செம்பு, மூன்றாவது செம்பு. பிறகு எண்ணவில்லை. ஒரு பானையைக் காலிசெய்துவிட்டு மற்றதிலும் பாதிவரை போனேன். எடுத்த தண்ணீரை என்ன செய்ய, கொண்டுவந்து வைத்தாயிற்றே என்று மனதுக்குள் ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். பன்னிரண்டு வயதில் நியாயம் கண்டுபிடிக்க எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. வெளியே வந்தபோது அக்கா துண்டோடு நின்றாள். என் தலையைத் துவட்டிக்கொண்டே "மணல் போச்சா?" என்று கேட்டாள். பிறகு உள்ளே பானைகளை எட்டிப் பார்த்துவிட்டுக் குடத்தை எடுத்தாள். அம்மாவும் இரவுச் சோற்றுக்கு முன் குளிக்க வேண்டுமே.

வியாழக்கிழமை நாங்கள் புறப்படும் நாள். வண்டியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. அப்பா என்னை ஒரு பனையடிக்கு அழைத்துக்கொண்டு போனார். முதலில் அத்தானின் தாயாரிடம் பேசியிருக்கிறார். இரட்டை மாதத்தில் பிள்ளைத்தாய்ச்சியை வண்டியில் ஏற்ற வேண்டாம், ஒன்பது பிறந்ததும் நாங்களே கொண்டு விடுகிறோம் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அக்காவிடம் கேட்டதற்கு எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை என்றிருக்கிறாள்.

அப்பா குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "நீ மூணு நாளா அவகூடத்தான் கெடக்க. உள்ளதைச் சொல்லு மக்கா. அக்கா இங்க கஷ்டப்படுதாளா? ஆமாண்ணு ஒரு வார்த்தை சொல்லு, இப்பமே வண்டியில ஏத்திருவேன். சம்பந்தி வருத்தப்பட்டாலும் செரி."

"இல்லப்பா" என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"நல்லாத்தான் இருக்கா."

அக்காவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லி வந்தேன். அதில் பாதி உண்மை. மறுபாதியை இப்போதாவது எழுதிவிடுகிறேன். ஆமாம் என்று சொன்னால், உனக்கு எப்போது தெரியும் என்று அப்பா கேட்பார். நேற்றுக் காலையில் என்று சொல்ல வேண்டும். நேற்றுச் சாயங்காலம் நான் தலை முழுகினதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் என் வாயில் அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

அப்பா என் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு வண்டியை நோக்கி நடந்தார். அம்மா ஏற்றிக்கொண்டு வந்த மெத்தையில் திரும்பி வரும்போது நான் படுத்து வந்தேன்.

ஊருக்கு வந்த நாலாம் நாள் அத்தானிடமிருந்து கடிதம் வந்தது. நாங்கள் புறப்பட்ட அன்று சாயங்காலமே அக்காவுக்கு நோவு கண்டிருக்கிறது. ஆண் பிள்ளை. பொழுது விடியுமுன் போய்விட்டது. ஞானஸ்நானம் கொடுக்கக்கூட நேரமில்லை. கர்த்தருடைய சித்தம், அவள் பிழைத்ததற்கு ஸ்தோத்திரம் என்று எழுதியிருந்தார். குடம் தூக்கினதைப் பற்றி ஒரு வரி இல்லை. அதையும் அக்காதான் தடுத்திருப்பாள்.

ஒரு மாதம் கழித்து அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்த அன்றே, அம்மா அடுக்களையில் இருக்கும்போது, என்னைப் பக்கத்தில் இழுத்து, "சொல்லலியே?" என்று மெல்லக் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். "எனக்குத் தெரியும், நீ சொல்லமாட்டே" என்று என் கன்னத்தைத் தட்டினாள். பிற்பாடு அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன, இரண்டும் எங்கள் வீட்டில் வைத்துத்தான். அந்தப் பேச்சை அவள் மறுபடி எடுக்கவே இல்லை.

அந்தப் பயணத்தைப் பற்றிப் பேச்செடுத்தது அம்மாதான், தண்ணீர் விஷயம் தெரியாமலே. அக்கா வந்திருந்த அந்த வாரத்தில் ஒரு நாள், நான் அப்பாவுக்குச் சோறு விளம்பிக்கொண்டு நின்றபோது, அம்மா திடீரென்று வெடித்தாள். "வண்டி கெடந்தது. மெத்தை கெடந்தது. இவ அவகூடயே கெடந்தா. இவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா, அக்கா எப்படி இருக்காண்ணு? பெத்த தகப்பன்தானே நீங்க?"

அப்பா பிசைந்த சோற்றிலிருந்து கையை எடுத்தார். விளையாட்டுக்குக்கூடப் பொய் பேசாதவர், எங்களையும் பேச விடாதவர். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கேக்கல" என்றார். "கேக்கத் தோணல."

அம்மா இன்னும் என்னென்னவோ சொன்னாள். அன்று மட்டுமல்ல, அவர் இருந்த காலம் முழுவதும் சொன்னாள். அப்பா ஒரு தடவைகூட மறுத்துப் பேசவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். ஒவ்வொரு தடவையும் சும்மாதான் இருந்தேன்.